லோட் மாட்யூலில் (ஓடத் தயாரான நிரல்) ரெட் (திரும்பிப் போ) கட்டளையே இல்லையே, சப்ரூட்டீன் எப்படித் திரும்புகிறது?

கேள்வி:
ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-ல் ஓடும் பழைய 24-பிட் மாட்யூல் ஒன்றின் டம்ப் (நினைவகத்தின் ஹெக்ஸ் நகல்) கையில் இருக்கிறது, சோர்ஸ் இல்லை. எக்ஸ்86-ல் வரும் ரெட் மாதிரி எதுவும் கண்ணில் படவில்லை. எல்லா ரூட்டீனும் 07எஃப்இ என்றே முடிகிறது. ஆர்14 ரெஜிஸ்டரில் 50012346 இருக்கிறது. 24-பிட் என்றால் ஆறு ஹெக்ஸ் இலக்கம்தானே, அப்படி ஒரு முகவரி எப்படி? உள்ரூட்டீனை அழைத்துவிட்டு வெளியேற வேண்டியது, சுற்றிச்சுற்றி ஓடி எஸ்322-ல் (சிபியு நேரம் தீர்ந்ததால் நிறுத்தம்) விழுகிறது.

பதில் 1:
07எஃப்இ என்பதுதான் பிஆர் 14, அதாவது ஆர்14-ல் உள்ள முகவரிக்குத் தாவு. இந்த வரிசையின் முதல் இயந்திரமான எஸ்/360 காலத்திலிருந்தே சாதாரண அழைப்புக்கு வன்பொருள் ஸ்டாக் கிடையாது. பிஏஎல்ஆர் 14,15 (05இஎஃப்) அடுத்த கட்டளையின் முகவரியை ஆர்14-ல் போட்டுவிட்டுத் தாவும், அவ்வளவே. உங்கள் முகவரி 012346, அழைப்பு நடந்தது 012344-ல். மேலே உள்ள 50 முகவரியே அல்ல: முதல் 2 பிட் கட்டளை நீளம், அடுத்த 2 கண்டிஷன் கோட் (முந்தைய கட்டளையின் விளைவு), மீதி 4 புரோகிராம் மாஸ்க் (எந்தக் கணக்குப் பிழைகளுக்கு இடைமறிப்பது என்பது). 24-பிட் மோடில் பிஏஎல்ஆர் இப்படித்தான் எழுதும்.

பதில் 2:
சுற்றுவதற்குக் காரணம் சேவ் ஏரியாவின் முகவரியை வைத்திருக்கும் ஆர்13-ல் இருக்கும். நுழைந்ததும் எஸ்டிஎம் 14,12,12(13) அழைத்தவரின் 72 பைட் சேவ் ஏரியாவில் ரெஜிஸ்டர்களை வைக்கும். பிறகு ஆர்13 நம் சொந்த ஏரியாவுக்கு மாறும், பழைய முகவரி அதன் +4-ல் போகும். வெளியேறும்போது முதலில் எல் 13,4(,13) அந்தப் பழைய முகவரியை ஆர்13-க்குத் திருப்பும், அப்புறம்தான் எல்எம் 14,12,12(13) ரெஜிஸ்டர்களை மீட்கும். முதல் வரி விடுபட்டால் எல்எம் நம் சொந்த ஏரியாவிலிருந்தே எடுக்கும். அதன் +12-ல் இருப்பது உள்ரூட்டீன் சேமித்த ஆர்14, அதாவது நாம் கடைசியாக அழைத்த இடத்துக்கு அடுத்த வரி. பிஆர் 14 அங்கேயே போகும், மறுபடி வெளியேறும் வரிக்கு வரும், ஓயாது. உள்ளே யாரையும் அழைக்காத ரூட்டீன் என்றால் அங்கே பெரும்பாலும் பூஜ்யம்தான், எஸ்0சி1 (செல்லாத கட்டளை) வரும்.

98இசி டி00சி-க்கு (அந்த எல்எம்) முன்னால் 58டி0 டி004 (அந்த எல்) இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்:
இல்லை. அங்கே 4700 0000 இருக்கிறது.

பதில் 2:
அது நோ-ஆப், எதுவும் செய்யாத கட்டளை. யாரோ பேட்ச் போட்டிருக்கிறார்கள். இரண்டும் 4 பைட் என்பதால் மாட்யூலை நேரடியாகத் திருத்தும் கருவியான ஏஎம்ஏஎஸ்பிஜாப்பில் வெர் கொடுத்துச் சரிபார்த்து, ரெப் மூலம் திருப்பி எழுதலாம். ஏன் போட்டார்கள் என்று பார்க்காமல் மாற்றாதீர்கள்; அதே மாட்யூலில் வேறு பேட்ச்சும் இருக்கக்கூடும்.

பதில் 3:
ஆர்15 வழியாக அழைத்தவருக்குப் போகும் ரிட்டர்ன் கோடையும் கவனியுங்கள். எல்எம் 14,12 ஆர்15-ஐயும் மீட்டுவிடும். ஆகவே எல்ஏ 15,8 (ஆர்15-ல் 8 போடுவது) போன்ற வரி எல்எம்-க்குப் பிறகு வரவேண்டும், முன்னால் இருந்தால் அழைத்தவருக்கு 8-க்குப் பதில் ரூட்டீனின் நுழைவு முகவரிதான் கிடைக்கும்.