லீஸ்ஹோல்ட் தீர்ப்பாயம்: உங்கள் வழக்கை விசாரித்தது யார்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நீண்ட காலக் குத்தகையில் வாங்கிய வீடு) வைத்திருந்து, சர்வீஸ் சார்ஜ் (கட்டடப் பராமரிப்புக்கு நாம் கட்டும் பங்கு) தகராறில் மாட்டியிருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டார்: "தீர்ப்பாயத்தில் உட்கார்ந்திருப்பது யார் அண்ணா, நீதிபதியா, கவுன்சில் ஆளா?" என் கதையைச் சொல்கிறேன். போய் வந்தவர்கள் உங்களுடையதையும் எழுதுங்கள்.

2018. ஆறு ஃபிளாட் உள்ள பழைய வீடு. கூரை வேலைக்கும் வெளிப்பக்க பெயின்ட்டுக்கும் என் பங்கு என்று ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின் சொந்தக்காரர்) நீட்டிய பில் 4,300 பவுண்ட். விண்ணப்பத்துக்கு 100, விசாரணைக்கு 200 கட்டினேன். விசாரணை லண்டன் ஆல்ஃபிரட் பிளேஸில், கூட்ஜ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கம். வெள்ளை விக்கும் கறுப்பு அங்கியும் இருக்கும் என்று பயந்து, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே பார்த்தால் ஆபீஸ் மீட்டிங் அறை மாதிரி இருந்தது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நீதிபதி, வக்கீலாக இருந்து வந்தவர். ஒரு பக்கம் சார்ட்டர்ட் சர்வேயர், கட்டட வேலையும் அதன் செலவும் தெரிந்த நிபுணர். மறுபக்கம் ஒரு அம்மா. சட்டமும் சர்வேயும் தொழிலாக இல்லாத பொது உறுப்பினர். தொடங்கும்போதே நீதிபதி, "சர்வேயர் பல வருடங்களுக்கு முன் இந்த மேனேஜிங் ஏஜென்ட்டோடு (ஃப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர்) ஒரு வேலை பார்த்திருக்கிறார், யாருக்காவது ஆட்சேபணையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்டதே பிடித்திருந்தது.

அன்று காலையில் வீட்டைப் பார்க்கவும் வந்திருந்தார்கள். சர்வேயர் ஜன்னல் சட்டத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். புது பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. ஒன்றும் பேசாமல் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். நான் விளக்க வாயைத் திறந்தேன். "சொல்வதை எல்லாம் அறையில் சொல்லுங்கள்" என்று நீதிபதி தடுத்துவிட்டார்.

அறையில் ஏஜென்ட்டின் திமிரைப் பற்றி நான் இருபது நிமிடம் கொட்டித் தீர்த்தேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லீஸில் இது எந்தப் பிரிவு?" என்றார். அப்புறம் 20ஆம் பிரிவு நோட்டீஸ் (பெரிய வேலைக்கு முன் நம் கருத்தைக் கேட்டு அனுப்ப வேண்டியது) எந்தத் தேதியில் வந்தது என்று தோண்டினார். ஆனால் வழக்கைத் திருப்பியது சர்வேயர்தான். பில்லைப் புரட்டியவர், "சாரம் 12 வாரம் நின்றிருக்கிறது, வேலை நடந்தது 9 நாள். மிச்ச வாடகை யார் தலையில்?" என்று ஏஜென்ட்டைக் கேட்டார். அந்த ஆள் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வழக்குத் தாள்களை எல்லாம் சேர்த்து நாலு மாதம் நானே கட்டி வைத்திருந்த கட்டு அது, ஆனாலும் என் கண்ணில் இது படவேயில்லை!

ஐந்து வாரத்தில் முடிவு தபாலில் வந்தது. 4,300 என்பது 2,750 ஆனது. அவர்களுடைய வக்கீல் செலவைச் சர்வீஸ் சார்ஜில் ஏற்றக்கூடாது என்று 20சி உத்தரவும் கிடைத்தது.

ஹரோ அக்கா:
எனக்கு இரண்டே பேர்தான், ஒரு நீதிபதி, ஒரு மதிப்பீட்டாளர். பொது உறுப்பினர் எல்லா வழக்கிலும் வருவதில்லை. என்னுடையது லீஸ் நீட்டிப்பு, எவ்வளவு கொடுப்பது என்பதுதான் சண்டை. பேனலிலேயே மதிப்பீட்டாளர் இருக்கிறாரே, அவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார், நான் ஏன் தனியாக ஒருவருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரிய தப்பு. அவர் துருவித் துருவிக் கேட்டார், உண்மைதான். ஆனால் இரண்டு தரப்பும் முன்னால் வைத்ததிலிருந்துதான் முடிவு. தன் பாக்கெட்டிலிருந்து ஒரு விலையை எடுத்து வைக்க அவரால் முடியாது. எதிர்த்தரப்பு மதிப்பீட்டாளரோடு வந்தது, நான் இணையத்தில் அச்செடுத்த நாலு தாளோடு போனேன். கிட்டத்தட்ட அவர்கள் சொன்ன தொகையே நின்றது.

குரோய்டன்77:
நான் யாரையும் பார்க்கவே இல்லை. இன்ஷூரன்ஸ் பங்கு 380 பவுண்டுக்காக லீவு போட மனமில்லை. தாள்களை வைத்தே முடிவு செய்யச் சொல்லிவிட்டேன். முடிவின் தலைப்பில் ஒரு நீதிபதியின் பெயர் மட்டும். தேடினால் பாரிஸ்டர் (கோர்ட்டில் வாதாடும் வக்கீல்), பகுதிநேரமாகத்தான் உட்காருகிறார். இவர்களில் நிறையப் பேர் அப்படித்தான், மற்ற நாட்களில் சொந்தத் தொழில். என் தங்கைக்கு வீடியோவில் விசாரணை. நடுவில் குக்கர் விசில் அடித்ததாம். பேனல் மூன்று தடவையும் காத்திருந்ததாம்.

கார்டிஃப் மாமா:
பழைய ஆட்கள் "எல்விடி" என்று சொன்னால் குழம்பாதீர்கள். இந்தத் தீர்ப்பாயத்தின் பழைய பெயர், லீஸ்ஹோல்ட் வேல்யூவேஷன் ட்ரிப்யூனல். இங்கிலாந்தில் 2013 ஜூலை 1 முதல் அந்த வேலை முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்குப் போய்விட்டது. வேல்ஸில் எங்களுக்கு இன்னும் பழைய பெயர்தான்.

புதுவரவு:
நன்றி அண்ணா, அக்கா. தோற்றால் மேலே போகலாமா?

ஈஸ்ட்ஹாம்வாசி:
போகலாம் தம்பி, மேல்நிலைத் தீர்ப்பாயத்தின் நிலப் பிரிவுக்கு. ஆனால் 28 நாளுக்குள் முதலில் இவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும், உன் பில்லில் சாரம் எத்தனை வாரம்?

புதுவரவு:
இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன் அண்ணா. 14 வாரம். பெயின்ட் மட்டும்தான் அடிச்சாங்க.