வோல்கோகிராட் மாகாணம்: இருந்தவர்கள், போய் வந்தவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

வைப்பாற்றுக்காரன்:

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். கட்டணம் எவ்வளவு, மெஸ்ஸில் சோறு கிடைக்குமா, குளிர் தாங்குமா, திரும்பி வந்தால் இங்கே தேர்வில் தேறலாமா. இத்தனை வருடம் இருக்கப் போகிற ஊர் எப்படிப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் படித்தது வோல்கோகிராட். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கல்லூரி, விடுதி, மாமயெவ் குன்றின் மேல் வாளோடு நிற்கும் தாய்நாட்டுச் சிலை, இந்த மூன்றையும் தாண்டாமலே பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். படிப்பு அப்படி, குறை சொல்ல முடியாது. ஆனால் நகரத்துக்கு வெளியே ஒரு மாகாணமே கிடக்கிறது. அதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். வோல்கோகிராடின் பழைய பெயர்தான் ஸ்டாலின்கிராட்; அந்த ஸ்டாலின்கிராட் போரைப் பற்றி உலகம் முழுக்க எழுதியாகிவிட்டது, அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம்.

நானே ஆரம்பிக்கிறேன். மாகாணத்தின் பரப்பு சுமார் 1,12,900 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,060. ஆக, நம்மைவிடக் கொஞ்சம்தான் சின்னது. மக்கள்தொகையோ 2021 கணக்கெடுப்பில் 25 லட்சம். அதிலும் 10 லட்சத்துக்கு மேல் தலைநகரிலேயே இருக்கிறார்கள். வோல்கா ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் வோல்ஷ்ஸ்கியில் இன்னொரு 3 லட்சம். மிச்சம் இருப்பவர்களை அவ்வளவு நிலத்தில் பரப்பினால் எப்படி இருக்கும் என்பது கமிஷின் என்ற ஊருக்குப் பேருந்தில் போனபோதுதான் புரிந்தது. கோதுமை, சூரியகாந்தி, காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட மரங்கள், மறுபடி கோதுமை. ஊர் என்று ஒன்று வருவதற்குள் தூங்கி எழுந்துவிடலாம்.

பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. எந்த நாடு, எந்த மாநிலம் என்று விசாரித்தார். எங்கள் மாநிலம் உங்கள் மாகாணம் அளவுதான், ஏழு கோடிப் பேர் இருக்கிறோம் என்றேன். நம்பவில்லை. "அத்தனை பேரும் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, தன் கிராமத்துக் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் வோல்கோகிராடுக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகள் மாஸ்கோவுக்கும் கிராஸ்னதாருக்கும் போய்விட்டார்கள். கணக்கும் அதையேதான் சொல்கிறது: 2002-இல் 27 லட்சம், 2010-இல் 26 லட்சம், 2021-இல் 25 லட்சம். கமிஷினில் இறங்கும்போது, ஆகஸ்டு கடைசியில் தர்பூசணித் திருவிழா நடக்கும், அப்போது வா என்றார். போனேன். ஊர் முழுக்க தர்பூசணிதான், ருசியும் அபாரம்.

அரைத்தூக்கம்:

நான் இருந்த காலத்தில் மாகாணத்தின் நேரத்தையே இரண்டு தடவை மாற்றினார்கள். யாரும் இதை எழுதியதாகத் தெரியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

மாஸ்கோ நேரப்படி வோல்கோகிராடில் ஜூன் மாதம் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். டிசம்பரில் மாலை நாலுக்கு இருட்டு. வேலை முடிந்து போகிறவனுக்கு வெளிச்சமே கிடைப்பதில்லை என்று ரொம்ப நாளாகப் புலம்பல். 2018 மார்ச்சில் அதிபர் தேர்தலோடு சேர்த்து மாகாணத்தில் வாக்கெடுப்பு வைத்தார்கள். மாற்றலாம் என்றவர்கள்தான் அதிகம். அந்த அக்டோபர் 28-இலிருந்து கடிகாரம் மாஸ்கோவைவிட ஒரு மணி முன்னால் ஓடியது. எங்களுக்கு லாபம்தான்: ஊருக்கும் எங்களுக்கும் இருந்த இரண்டரை மணி வித்தியாசம் ஒன்றரையாகக் குறைந்தது, அம்மா தூங்குவதற்கு முன்னால் பேசிவிடலாம்.

உள்ளூர்க்காரர்களுக்குத்தான் இம்சை. இப்போது காலையில் இருட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும், தலைமை அலுவலகம் மாஸ்கோவில் இருக்கிறவர்கள் ஒரு மணி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். எங்கள் விடுதி வாசலில் உட்காரும் காவல்காரப் பாட்டி சொல்வார்: "நான் ஓட்டுப் போட்டேன், சரி. என் மாட்டிடம் யார் ஓட்டுக் கேட்டது?" 2020 ஜூலையில் மறுபடி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், இந்தத் தடவை மாஸ்கோ நேரமே வேண்டும் என்றார்கள். டிசம்பர் 27-ஆம் தேதி பழையபடி திருப்பினார்கள். இரண்டு தடவையும் மாகாண டூமா, அதாவது சட்டமன்றம், தீர்மானித்ததோடு விஷயம் முடியவில்லை, மாஸ்கோவில் தேசிய நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. பெயருக்குத்தான் கூட்டாட்சி. தன் கடிகாரத்தைத் தானே திருப்பிக்கொள்ள மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை.

தாமிரா:

வைப்பாற்றுக்காரன் அண்ணா, 10 லட்சம் என்று சொன்னீர்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. ரஷ்யாவில் 10 லட்சத்தைத் தாண்டிய நகரம் என்றால் தனி மதிப்பு. வோல்கோகிராட் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. 2010 கணக்கெடுப்புக்குச் சில மாதம் முன்னால் சுற்றியிருந்த சின்னக் குடியிருப்புகளை எல்லாம் நகர எல்லைக்குள் சேர்த்தார்கள், எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா அப்படிச் சேர்க்கப்பட்ட ஓர் இடத்தில்தான் தோட்டம் வைத்திருந்தார். "ராத்திரியோடு ராத்திரியாக நகரவாசி ஆகிவிட்டோம், குழாயில் தண்ணீர் மட்டும் கிராமத்துத் தண்ணீர்" என்று சிரிப்பார்.

நகரமும் ஊர் மாதிரி இருக்காது. வோல்காவின் வலது கரையை ஒட்டி 60 கிலோமீட்டருக்கு மேல் நீளும், அகலம் பல இடங்களில் சில கிலோமீட்டர்தான். வடக்கே டிராக்டர் தொழிற்சாலை மாவட்டம், தெற்கே கிராஸ்னவர்மெய்ஸ்க். ஒரு முனையில் இருப்பவர் மறுமுனையைப் பார்க்காமலே வாழ்ந்துவிடலாம். 1984-இல் திறந்த மெட்ரோடிராம் இதற்காகவே வந்தது. தரையில் சாதாரண டிராமாக ஓடி, நகர மையத்தில் பூமிக்கடியில் நுழைந்துவிடும்.

அப்புறம் வோல்காவின் மேல் போகும் அந்தப் பாலம். 2009-இல் திறந்தார்கள், 2010 மே மாதம் காற்றில் அலை அலையாக ஆடியது. உலகமே வீடியோவில் பார்த்தது. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்திய பிறகு ஆடவில்லை. ஆனாலும் என் வீட்டுக்கார அம்மா அதில் ஏற மாட்டார். வோல்கா அணையின் மேல் போகும் பழைய சாலையில்தான் சுற்றிப் போவார்.

அணை என்றதும் இன்னொன்று. வோல்காவுக்கும் அதன் கிளையான அக்துபாவுக்கும் நடுவில் ஒரு பெரிய வெள்ளச் சமவெளி இருக்கிறது. மாகாணத்தின் தக்காளி, காய்கறியில் பெரும்பங்கு அங்கேதான். வசந்தத்தில் அணையிலிருந்து கூடுதலாகத் தண்ணீர் விட்டால்தான் அங்குள்ள ஓடையும் ஏரியும் நிரம்பும். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று டெல்டாவில் கேட்பதுபோல், ஏப்ரல் பிறந்தால் அந்த அம்மா தினமும் செய்தியில் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று பார்ப்பார். குறைவாக விட்ட வருடம் முகமே சரியிருக்காது.

கடுகுடப்பா:

தெற்கு முனை கிராஸ்னவர்மெய்ஸ்க் பற்றி நான் சொல்கிறேன், வாராவாரம் போய்க்கொண்டிருந்தேன். காரணம் இரண்டு.

முதலாவது சரெப்தா. 1765-இல் கேத்தரீன் மகாராணியின் அழைப்பில் ஜெர்மனியிலிருந்து வந்த ஹெர்ன்ஹூட் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் கட்டிய குடியிருப்பு. தேவாலயமும் பழைய வீடுகளும் இன்னும் நிற்கின்றன, இப்போது அருங்காட்சியகம். அவர்கள் அங்கே கடுகு பயிரிட்டு, எண்ணெய் ஆட்டி, ரஷ்யா முழுக்க விற்றார்கள். நாம் தாளிக்கும் பிராசிக்கா ஜன்சியா இனமேதான், ரஷ்யர்களுக்கு அது சரெப்தா கடுகு. உள்ளே ஒரு வழிகாட்டி அம்மா கடுகெண்ணெயில் சுட்ட ரொட்டி கொடுத்தார். எங்கள் ஊரில் கடுகை வெடிக்க விடுவோம் என்று சொன்னேன். எண்ணெயில் போட்டு வெடிக்கவிடுவதா, முகத்தில் தெறிக்காதா என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

இரண்டாவது வோல்கா–தோன் கால்வாய். 101 கிலோமீட்டர், கப்பலைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் 13 மடைப்பூட்டு, 1952-இல் திறந்தது. கட்டியவர்களில் கைதிகள் ஏராளம், ஜெர்மன் போர்க்கைதிகளும் உண்டு. வோல்காவிலிருந்து கிளம்பும் கப்பல் ஒன்பது பூட்டில் 88 மீட்டர் ஏறி, நாலு பூட்டில் 44 மீட்டர் இறங்கித் தோன் ஆற்றுக்குப் போகும். ஆக, பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஆறுகளில் வோல்கா 44 மீட்டர் தாழ்வில் ஓடுகிறது. கால்வாய்க்கான தண்ணீரைத் தோனிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். முதல் பூட்டுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் இதை எனக்கு மணலில் படம் போட்டு விளக்கினார். பொறியியல் படித்தவர் என்று நினைத்தேன், பேக்கரியில் ஓய்வு பெற்றவராம்.

பாலைத்திணை:

எல்லாரும் வலது கரையையே சுற்றுகிறீர்கள். கிழக்கே அணையைத் தாண்டினால் நிலம் வேறு. மரம் குறையும், மண் வெளுக்கும், காற்றில் எட்டிக்கசப்பாக ஒரு செடி வாசனை. அந்த வழியில் கடைசியில், கசாக்ஸ்தான் எல்லைக்குப் பக்கத்தில், எல்டன் ஏரி.

சுமார் 150 சதுர கிலோமீட்டர், ஐரோப்பாவின் பெரிய உப்பேரிகளில் ஒன்று. கடல் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட 15 மீட்டர் கீழே கிடக்கிறது. கோடையில் தண்ணீர் கணுக்காலுக்குக் கூட வராது. எவ்வளவு தூரம் நடந்தாலும் அதே ஆழம். பாசியால் நீர் இளஞ்சிவப்பாகத் தெரியும், அடியில் உப்புப் பாளம் கண்ணாடி உடைந்ததுபோல் காலைக் கிழிக்கும், செருப்பில்லாமல் இறங்காதீர்கள். ஓரத்தில் கறுப்புச் சேறு. மூட்டுவலிக்காரர்கள் அதைப் பூசிக்கொள்ள வருவார்கள், அதற்கென்றே சானடோரியம், அதாவது சிகிச்சை விடுதி, இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் உப்பில் பெரும்பங்கு இங்கிருந்து மாட்டு வண்டியில்தான் போனது.

நாங்கள் தங்கியது ஒரு கசாக் குடும்பத்தின் வீட்டில். மாகாணத்தில் பத்தில் ஒன்பது பேர் ரஷ்யர்கள். அடுத்து வருகிறவர்கள் கசாக்கியர், 2010 கணக்கெடுப்பில் 46 ஆயிரம் பேர். உக்ரைனியர், ஆர்மீனியர், தாத்தாரியர் அதற்குப் பிறகு. எல்டன் இருக்கும் பல்லாசோவ்கா மாவட்டத்தில் கசாக்கியர் கணிசமானவர்கள். அந்த வீட்டில் பால் ஊற்றிய தேநீர் கொடுத்தார்கள். எலுமிச்சை போட்ட கறுப்புத் தேநீரையே குடித்துச் சலித்திருந்த எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, பௌர்சாக்.

வீட்டுத் தாத்தாவின் தங்கையை எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சோவியத் காலத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாராம். அப்போது அது ஒரு மாகாண எல்லை மாதிரிதான். 1991-க்குப் பிறகு சோதனைச் சாவடி, பாஸ்போர்ட், வரிசை. கோபமாகச் சொல்லவில்லை, பேருந்து நேரம் மாறியதைச் சொல்வதுபோல் சொன்னார். பல்லாசோவ்காவின் பழைய குடிகளைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அந்த ஊர் வோல்கா ஜெர்மானியர்களின் தன்னாட்சிக் குடியரசில் இருந்தது. 1941 ஆகஸ்டில் உத்தரவு வந்தது, அத்தனை ஜெர்மானியரையும் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் ஏற்றினார்கள். குடியரசைக் கலைத்து நிலத்தைப் பக்கத்து இரண்டு மாகாணங்களுக்குப் பங்கு போட்டார்கள். ஊர்ப் பெயர்கள் பலவும் மாறின.

கிழக்குப் பக்கம் பார்க்காமல் இந்த மாகாணத்தைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. கொஞ்சம் அழுத்தமாகத்தான் சொல்கிறேன்.

கோவை அம்மா:

என் மகள் செப்டம்பரில் அங்கே போகிறாள். எல்லாம் படித்தேன், நன்றி தம்பி தங்கைகளே. கொசு உண்டா?

தாமிரா:

கொசு பரவாயில்லை அக்கா. மே, ஜூனில் மோஷ்கா என்று ஒரு பொடிப் பூச்சி வரும், கண், காது, மூக்கு எதையும் விடாது. உள்ளூர்க்காரர்கள் வெனிலாப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசிக்கொள்வார்கள். அந்த மாதங்களில் டிராமில் ஏறினால் கேக் கடை வாசனை அடிக்கும். மகள் கோடை விடுமுறைக்கு வருவதற்கு முன்னால் ஒரு தடவை அனுபவிக்கத்தான் வேண்டும். குளிரைவிட வெயிலுக்குத் தயாராகட்டும், ஜூலையில் சில நாள் 40 டிகிரியைக் கூடத் தொடும்.

வைப்பாற்றுக்காரன்:

வடமேற்கு மட்டும் விட்டுப்போயிருக்கிறது, அதை நான் சேர்க்கிறேன். உர்யூபின்ஸ்க். நகரத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், ஹோப்யோர் ஆற்றங்கரை. ரஷ்யர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே சிரிப்பார்கள். தேர்வில் ஒரு மாணவனுக்கு எந்த வரலாற்றுக் கேள்விக்கும் பதில் தெரியவில்லை, லெனினைக் கூடத் தெரியவில்லை. எந்த ஊர் என்று பேராசிரியர் கேட்கிறார், உர்யூபின்ஸ்க் என்கிறான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாமும் உர்யூபின்ஸ்குக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறாராம். ஊர்க்காரர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை, ரஷ்ய நாட்டுப்புறத்தின் தலைநகரம் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு சுற்றுலா நடத்துகிறார்கள். ஆட்டுக்குச் சிலை கூட உண்டு. அந்த ஆட்டின் மெல்லிய உள்மயிரில்தான் சால்வை பின்னுகிறார்கள், என் அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன்.

சால்வை விற்ற அம்மா தன்னை வோல்கோகிராட்காரி என்று சொல்லவே இல்லை. "நாங்கள் தோன் கொசாக்குகள்" என்றார். கசாக்கியர் இல்லை, தோன் ஆற்றுப் பக்கத்துப் பழைய போர்வீரக் குடிகள். சரிதான். மாகாணத்தின் மேற்கும் வடமேற்கும் பழைய தோன் கொசாக் நிலம், நடுவில் சராத்தோவ் மாகாணத்தின் த்சாரித்சின் (இன்றைய வோல்கோகிராட்) பகுதி, கிழக்கு அஸ்திரகான், சமாரா பக்கத்தைச் சேர்ந்தது. 1936 டிசம்பரில் இதை ஸ்டாலின்கிராட் மாகாணம் ஆக்கினார்கள். அஸ்திரகான் கூட 1943 வரை இதற்குள்தான். உர்யூபின்ஸ்கை 1954-இல் பலாஷோவ் என்று புதிதாக உண்டாக்கிய மாகாணத்துக்குக் கொடுத்து, 1957-இல் அதைக் கலைத்துத் திருப்பி வாங்கினார்கள். இன்று 33 மாவட்டங்கள், அவற்றில் சேராத 6 நகரங்கள். காகிதத்தில் ஒரே மாகாணம், பேச்சில் மூன்று.

கடுகுடப்பா:

பெயரும் இன்னும் அடங்கவில்லை அண்ணா. த்சாரித்சின், 1925-இல் ஸ்டாலின்கிராட், 1961-இல் வோல்கோகிராட். 2025 ஏப்ரலில் விமான நிலையத்துக்கு மட்டும் மறுபடி ஸ்டாலின்கிராட் என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் குழம்ப வேண்டாம், ஊர் ஒன்றுதான்.

அரைத்தூக்கம்:

எல்டனுக்கு எப்போது போகலாம்? என் தம்பி இப்போது இரண்டாம் வருடம், கேட்கச் சொன்னான்.

பாலைத்திணை:

ஏப்ரல் கடைசி வாரம். புல்வெளி முழுக்க காட்டு டியூலிப் பூத்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, பூச்சியும் வந்திருக்காது. உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் இரண்டு கேன் கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், குடியேற்ற அட்டை இரண்டும் பையில் இருக்கட்டும், எல்லைப் பக்கம் என்பதால் கேட்பார்கள். கல்லூரி அயல்நாட்டு மாணவர் பிரிவில் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.