புதுப்பிப்பு: ஆறு வார ஐரோப்பியப் பயணம் – எந்த நாட்டில் விசா கேட்பது?

ஹட்டனிலிருந்து நானும் மனைவியும் ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளுக்குச் செல்ல பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

“அதிக இரவுகள் தங்கும் நாடு” என்ற ஆலோசனையே சரியாக அமைந்தது. இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். ஆகவே வியன்னாவில் இறங்கியபோதிலும், இத்தாலியில் 21 இரவுகள் என்பதால் அந்நாட்டுக்கே விண்ணப்பித்து விசா பெற்றோம். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக்குத் தனி விசா தேவைப்படவில்லை. நாணயம் மட்டும் பிராங்க்.

எதிர்பாராதது புளோரன்ஸிலிருந்து சியெனா சென்ற புகையிரதத்தில் நடந்தது. நம்மூர் அட்டைச் சீட்டை இறங்கும் நிலையத்தில் கொடுப்பதற்காகப் பத்திரப்படுத்துவதுபோல, அங்கும் காகிதச் சீட்டை மனைவி கைப்பைக்குள் வைத்துவிட்டார். ஏறுமுன் மேடையோரத்துச் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்திருக்க வேண்டுமாம். தண்டப்பணம் கட்டினோம். தவறு எங்களுடையதே.

இன்னொன்று: சுவிட்சர்லாந்தில் 3,454 மீற்றர் உயரத்திலுள்ள யுங்பிராவ்யோக் புகையிரத நிலையத்தில் நுவரெலியாவில் வாங்கிய சுவெட்டர் போதவில்லை.