பிளேட்லெட் குறைவு, ஹீமோஃபிலியா: தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை (அனுபவப் பகிர்வு)

ரத்தவியல் பிரிவு செவிலியர்

ஐடிபி (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடும் நோய்) உள்ளவர்கள் ஊசிக்குத் தயங்கும்போது ரெண்டு வேறு பயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2021-ல் கோவிஷீல்டு சமயத்தில் பேசப்பட்ட விஐடிடி (ஊசிக்குப் பின் ரத்தம் உறைந்து பிளேட்லெட் குறையும் அரிய பாதிப்பு) வேறு, ஐடிபி வேறு. விஐடிடியில் பிளேட்லெட் காரணி 4 என்ற புரதத்துக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள் பிளேட்லெட்டுகளைத் தூண்டிவிடும். மூளைச் சிரையிலும் வயிற்றுச் சிரையிலும் ரத்தம் உறையும். அதில் செலவாகித்தான் பிளேட்லெட் எண்ணிக்கை (கவுன்ட்) இறங்கும். ஐடிபியில் எதிர்ப்பொருள் ஒட்டிய பிளேட்லெட்டுகளை மண்ணீரல் அழித்துவிடுகிறது, ரத்தக் கசிவுதான் கவலை. ஐடிபி இருப்பவருக்கு விஐடிடி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதற்குச் சான்று இல்லை.

விஐடிடி எவ்வளவு அரிது? பிரிட்டன் கணக்கில் 50 வயதுக்குக் கீழே சுமார் 50,000 பேரில் ஒருவர், அதற்கு மேல் சுமார் ஒரு லட்சத்தில் ஒருவர். இந்தியாவில் 2021 மே மாதம் வந்த அரசு அறிக்கையில் 10 லட்சம் டோசுக்கு 0.61. நம் எண் இவ்வளவு சின்னதாக இருப்பதில் பதிவாகாமல் போனவையும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். கோவாக்சின் செயலிழக்கச் செய்த வைரசால் ஆனது, அதற்கும் விஐடிடிக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஐடிபிக்காரர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, கோவிட் ஊசிக்குப் பிறகு அவர்களுடைய பழைய நோயே கிளம்புவதை. மண்ணீரல் எடுத்தவர்கள், பல மருந்து மாற்றியும் கவுன்ட் நிலைக்காதவர்கள், இவர்களுக்கு இது அதிகம். ஊசிக்கு முன்னால் ஒரு கவுன்ட், போட்ட 2 முதல் 5 நாளுக்குள் இன்னொன்று எடுங்கள். முதல் கவுன்ட் 30,000-க்குக் கீழே இருந்தால் உங்கள் ரத்தவியல் மருத்துவரிடம் பேசாமல் ஊசிக்குப் போக வேண்டாம்.

லேப் டெக்னீஷியன்

அக்கா சொன்ன அந்த ரெண்டு கவுன்ட்டையும் ஒரே லேபில் எடுங்க. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்கிற ஈடிடிஏ சிலருடைய பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தா ஒட்ட வச்சிடும். மெஷினுக்கு அந்தக் கொத்து பிளேட்லெட்டா தெரியாது, கணக்கில் விட்டுடும். 1.8 லட்சம் இருக்கிறவருக்கு 40,000-னு ரிப்போர்ட் வரும், வீடே பதறும். உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாம கவுன்ட் திடீர்னு விழுந்திருந்தா ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில்) பார்க்கச் சொல்லுங்க. கொத்து தெரிஞ்சா நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கணும். அந்தக் குழாயில் திரவம் ஏற்கெனவே இருக்கிறதால ரத்தம் நீர்த்துப்போகும், வர்ற எண்ணை 1.1-ஆல் பெருக்கினாத்தான் சரியான கவுன்ட். குழாயைக் கோடு வரைக்கும் நிரப்பலேன்னா இந்தப் பெருக்கலும் தப்பாயிடும்.

இன்னொண்ணு, மழைக்காலத்தில் ஊசி போட்டு காய்ச்சல் வந்தா ஊசி மேலேயே பழியைப் போட்டுட்டு உட்காராதீங்க. ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாளில் விட்டுடும். மூணாவது நாளும் கொதிச்சா டெங்கு என்எஸ்1 பாருங்க. முதல் 5 நாளுக்குள் பார்த்தாத்தான் அந்த டெஸ்ட் நம்பகமா இருக்கும்.

ஹீமோஃபிலியா மைய ஊழியர்

தசையில் போடும் ஊசி என்றால் 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லியது. அரசுத் தடுப்பூசி முகாமில் வரும் ஒருமுறை சிரிஞ்சில் ஊசி முனை சேர்ந்தே வரும், கழற்றி மாற்ற முடியாது. அங்கே போய் மெல்லிய ஊசிக்குச் சண்டை போடுவதைவிட, போட்ட பிறகு அழுத்திப் பிடிப்பதில் கண்டிப்பாக இருங்கள். பஞ்சை வைத்து விடாமல் 10 நிமிடம். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் உள்ளே கசிவு பரவும். நர்ஸ் வழக்கப்படி ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் பஞ்சைக் கையில் கொடுப்பார், அதனால் ஊசி உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடுமையான, மிதமான ஹீமோஃபிலியாவில் ஃபேக்டர் (இவர்களுக்குக் குறைவாக இருக்கும் ரத்த உறைவுக் காரணி) ஏற்றிய பிறகு ஊசி. தடுப்பு முறையில் வாரம் ரெண்டு மூன்று தடவை ஃபேக்டர் எடுப்பவர் அந்த நாளிலேயே ஊசியையும் வைத்துக்கொண்டால் போதும், தனியாக ஒரு டோஸ் வீணாகாது. அளவு 10 சதவீதத்துக்கு மேல் உள்ள லேசான வகைக்குப் பொதுவாக ஃபேக்டர் வேண்டியதில்லை. எமிசிசுமாப் (ஃபேக்டருக்குப் பதிலாக வேலை செய்யும் மருந்து) எடுப்பவர்கள் எந்த நாளிலும் போட்டுக்கொள்ளலாம்.

கையை 2 முதல் 4 மணி நேரம் கழித்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வலி மட்டும் ஒன்றிரண்டு நாள் இருந்தால் பரவாயில்லை. கல் மாதிரி இறுகுவது, வீக்கம் கூடுவது, விரல் மரத்துப்போவது என்றால் உடனே மையத்துக்கு வாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் பிளேட்லெட் வேலையைக் கெடுப்பவை. மருந்துக்கடையில் "ஊசி போட்ட வலி" என்று மட்டும் கேட்டால் இதில் ஒன்று கைக்கு வந்துவிடும்.

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். அட்டவணையில் எல்லாமே தசை ஊசி இல்லை. போலியோ சொட்டும் ரோட்டாவும் வாய்வழி, பிசிஜியும் அரசு அட்டவணைப் போலியோ ஊசியும் தோலுக்குள், எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா) தோலுக்கு அடியில். பென்டாவேலன்ட், நிமோகாக்கல், பிறந்த அன்று போடும் ஹெப்படைட்டிஸ் பி, டிபிடி பூஸ்டர், இவைதான் தசைக்குப் போகின்றன. ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி-யைத் தள்ளிப்போடவே கூடாது.

குழந்தை நலப் பிரிவு

எம்ஆர், எம்எம்ஆர் ஊசிக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் ஐடிபி வரலாம். சுமார் 25,000 முதல் 40,000 டோசுக்கு ஒன்று, பெரும்பாலும் தானே சரியாகும். ருபெல்லா நோய் வந்தாலோ சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு பிளேட்லெட் இறங்குகிறது. எதைப் பார்த்து அதிகம் பயப்படுவது என்று இந்த ரெண்டு எண்களே சொல்கின்றன. முதல் டோசுக்குப் பின் ஐடிபி வந்த குழந்தைக்கு ரெண்டாவதைக் கண்ணை மூடி நிறுத்த வேண்டாம். அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல்படி எதிர்ப்புத்திறன் அளவு பார்க்கலாம். போதுமான அளவு இருந்தால் ரெண்டாவது தேவையில்லை, இல்லாவிட்டால் போட வேண்டும்.

அதிகம் தவறுவது கால இடைவெளியில்தான். ஐடிபிக்கு ஐவிஐஜி (நரம்பு வழி ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றியிருந்தால் அதிலுள்ள எதிர்ப்பொருளே எம்ஆர் வைரசைச் செயலிழக்கச் செய்து ஊசியை வீணாக்கும். கிலோவுக்கு 1 கிராம் ஏற்றியிருந்தால் 10 மாதம், 2 கிராம் என்றால் 11 மாதம், பிளேட்லெட் ஏற்றியிருந்தால் 7 மாதம் பொறுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் இது எழுதப்படுவதே இல்லை, தடுப்பூசி அட்டையில் ஏற்றிய தேதியையும் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பெரியவர்கள் பிரெட்னிசோலோன் தினமும் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ரெண்டு வாரம் எடுத்திருந்தால், நிறுத்தி ஒரு மாதம் வரை உயிருள்ள வைரஸ் ஊசி வேண்டாம். ரிட்டுக்சிமாப் (எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கும் மருந்து) எடுத்த 6 மாதத்துக்கு எந்த ஊசியும் சரியாகப் பிடிக்காது. மண்ணீரல் எடுப்பதாக முடிவானால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் மூன்றையும் குறைந்தது ரெண்டு வாரம் முன்பே முடிக்க வேண்டும்.

ரத்தவியல் பிரிவு செவிலியர்

விஐடிடி பற்றி விட்டுப்போனது. கோவிஷீல்டு போன்ற ஊசி போட்ட நாலாவது நாளுக்குப் பிறகு தொடங்கும் விடாத தலைவலி, படுத்தால் கூடுவது, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், ஒரு கால் வீக்கம், தீராத வயிற்றுவலி. இதில் எது வந்தாலும் எமர்ஜென்சிக்குப் போய் ஊசியின் பெயரையும் தேதியையும் முதலில் சொல்லுங்கள். ஐடிபி ஃபைலைப் பார்த்தவுடன் "வழக்கமான குறைவுதான்" என்று பிளேட்லெட் ஏற்றிவிடும் ஆபத்து இருக்கிறது. விஐடிடியில் அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள், ஹெபாரினும் தவிர்ப்பார்கள். டி-டைமர் (உடலில் உறைவு இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மிக அதிகமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். கிலோவுக்கு 1 கிராம் ஐவிஐஜியும் ஹெபாரின் அல்லாத உறைவுத் தடுப்பு மருந்தும்தான் சிகிச்சை. பின்விளைவைப் பதிவு செய்ய ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லலாம், அல்லது 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.