பாசிப்பயறில் வண்டு முட்டை: 25 கிலோவைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். முழுப் பாசிப்பயறு 25 கிலோ, அடுத்த அறுவடை வரை வீட்டுத் தேவைக்கு. மூன்று நாள் நல்ல வெயிலில் காய்ந்தது. கடித்தால் ‘டக்’கென்று உடைகிறது. சூடு ஆறிய பிறகே தகர டின்னில் கொட்டியது (சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்). வேப்பிலையும் போட்டாயிற்று.

இப்போது சில பயறின் தோலில் வெள்ளைப் புள்ளிகள், ஊசிமுனை அளவுதான். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருகிறது. வண்டு முட்டையேதான். வயலில் காய் மேலேயே முட்டையிட்டுக் கூடவே வரும் பூச்சி, டின்னைக் குறை சொல்லிப் பயனில்லை. புழு பயறுக்குள் குடைந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியேறும். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

கிலோவுக்கு 5 மில்லி கடலை எண்ணெய் புரட்டலாம் என்று யோசனை. ஆறு மாதத்தில் சிக்கு வாடை அடிக்குமா? விதைக்கான 3 கிலோவை ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தவர்கள், முளைப்பு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். துவரைக்குச் செம்மண் கட்டுவதுபோல் (செம்மண்ணைக் குழைத்துப் புரட்டிக் காயவைப்பது) பாசிப்பயறுக்குக் கட்டியவர் உண்டா?

வண்டு மாத்திரை மட்டும் சொல்லாதீர்கள். ஆள் படுக்கும் வீட்டில் அந்த விஷப்புகை ஆகாது.