கூத்தில் வேஷம் கட்டும் பெண்களைத் தேடுகிறேன்

எல்லோருக்கும் வணக்கம். தெருக்கூத்தில் ஆண், பெண் வேஷங்களைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் அரைமணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது திணறுகிறேன்.

சின்ன வயதில் பார்த்த ‘துகில்’ கூத்துதான் தொடக்கம். சபையில் நியாயம் கேட்டு பாஞ்சாலி கதறியபோது பக்கத்தில் இருந்த அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடிந்ததும் பார்த்தால், அதே பாஞ்சாலி தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தை வழித்துக்கொண்டே பீடி பிடிக்கிறார்! பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்லும் கூத்தில் பெண்ணுக்கே இடமில்லாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் ராஜகோபாலின் கட்டைக்கூத்து (தெருக்கூத்தின் இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து மேடையேறியது தெரியும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுவதும் தெரியும். அதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை.

செய்யாறு, வந்தவாசி பக்கம் துரியோதனன், கர்ணன் என்று கட்டை வேஷம் (மரத்தாலான கிரீடமும் புஜ அணிகளும் பூணும் வேஷம்) கட்டும் பெண்கள் யாரையாவது தெரியுமா? பாரதப் போருக்காக அர்ஜுனன் மகன் அரவானைப் பலிகொடுக்கும் ‘அரவான் களப்பலி’ கூத்தில் ஆடும் திருநங்கைக் கலைஞர்கள்? கண்ணன் மோகினியாக வந்து அரவானை மணக்கும் கதையை அவர்கள் வாயால் கேட்க ஆசை. அப்புறம், அவர்கள் சம்மதம் கேட்காமல் தொலைபேசி எண்களை இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் சொன்னால் போதும். சித்திரைக்குள் கிடைத்தால் நல்லது. திருநங்கைகள் கூடும் கூவாகம் அரவான் திருவிழா வந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.