.22 ரிம்ஃபயர் கேஸில் ஜாக்கெட் குண்டு: முனை மடிகிறது, எடையும் மாறுகிறது

கேள்வி:
வணக்கம். இடம் டெக்சாஸ். சுட்டு முடித்த .22 லாங் ரைஃபிள் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) விளிம்பை நீக்கி ஜாக்கெட்டாக்கி (குண்டின் வெளி உறை), ஈயம் வைத்து, .224 அங்குலத்தில் 52 கிரெய்ன் (எடை அலகு) குண்டு ஸ்வேஜ் செய்கிறேன், அதாவது டை என்ற எஃகு அச்சில் அழுத்தி உருவாக்குகிறேன். பத்துக்கு மூன்று முனையில் மடிந்தோ வெடித்தோ வருகிறது. சில, முனையை வடிவமைக்கும் பாயிண்ட் டைக்குள்ளேயே சிக்குகின்றன. எடையும் ஒரு கிரெய்ன் வரை மாறுகிறது. எங்கே தவறு?

பதில் 1:
முனை மடிவதற்குக் காரணம் பித்தளை இறுகிப்போயிருப்பதுதான். விளிம்பை இழுத்து நீட்டும்போதே அது கெட்டிப்படும். ஆகவே விளிம்பு நீக்கிய பிறகு சூடாக்கி இளக்குங்கள். மங்கிய வெளிச்சத்தில் லேசான சிவப்பு தெரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் பித்தளையின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும்.

அதற்கு முன்னால் கேஸ்களைக் கட்டாயம் கழுவுங்கள். சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பிலுள்ள பற்றுமருந்தில் பெரும்பாலும் கண்ணாடித் தூள் இருக்கும். அது உள்ளே தங்கினால் டையில் விழும் கீறலை எதுவும் சரிசெய்யாது.

பதில் 2:
எடை மாறுவது கோரில்தான், அதாவது உள்ளே வைக்கும் ஈயத்தில்தான். அச்சில் வார்த்த கோரை அப்படியே போடாதீர்கள். கோர் ஸ்வேஜ் டையில் அழுத்தினால் மிச்ச ஈயம் பக்கத்துளை வழியே கம்பியாய் வெளியேறும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாவது வெளியேற வேண்டும். வெளியேறாத கோர் குறைந்த எடை, ஒதுக்கிவிடுங்கள். பத்து ஜாக்கெட்டைச் சேர்த்து நிறுத்து, சராசரியை 52-இலிருந்து கழித்தால் கோரின் எடை கிடைக்கும்.

தூய ஈயம் மட்டும் போடுங்கள். சக்கர எடைக்கட்டி ஈயத்தில் ஆன்டிமனி உண்டு. கெட்டியாக இருப்பதால் அழுத்தம் எகிறி டை பிளந்துவிடலாம். கோரில் எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது, உள்ளே ஈயம் ஜாக்கெட்டோடு பிடிக்காமல் நழுவும்.

டையில் சிக்குவது வேறு கதை. ஸ்வேஜிங்கில் குண்டு சிறியதிலிருந்து பெரியதாகத்தான் போக வேண்டும். கோரை ஜாக்கெட்டுக்குள் அமர்த்தும் கோர் சீட் டையிலிருந்து வருவது பாயிண்ட் டையில் விரலால் தள்ளியே நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிரஸ்ஸால் அழுத்தாதீர்கள். லானோலின் லூப் (மசகு) வெளிப்புறம் மட்டும், விரலில் ஒட்டுமளவுக்குப் போதும். அதிகமானால் குண்டில் பள்ளம் விழும்.

பதில் 3:
இந்த ஜாக்கெட் மெல்லியது. வினாடிக்கு 3200 அடிக்கு மேல் ஓட்டினால் காற்றிலேயே பிய்ந்துபோகலாம். வேகம் குறைந்த .22 ஹார்னெட் தோட்டாவுக்கு நன்றாகப் பொருந்தும். கடைக் குண்டுக்கான உச்ச வெடிமருந்து அளவை இதற்குப் போடாதீர்கள், கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். திறந்த வெளியில் உருக்குங்கள், ஒரு துளி தண்ணீர்கூடப் பக்கத்தில் வேண்டாம். கேஸ் கழுவிய தண்ணீரிலும் ஈயம் இருக்கும், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும், அவற்றைச் செய்யும் கருவிகளும் 'அம்யூனிஷன்' என்ற வரையறைக்குள் வருகின்றன. உரிமம் இல்லாமல் அங்கே தொடாதீர்கள்.